குந்தி உட்காரும் குழந்தைக்கு அளவெடுங்கள்: நடை பழகிய மகளுக்கு உடை தைக்க ஒரு முழு வழிகாட்டி

என் மகளுக்கு நான் தைத்த முதல் ஃப்ராக்கை அவள் பத்து நிமிடம்கூடப் போட்டிருக்கவில்லை. கழுத்தைச் சுற்றி லேஸ், முதுகில் மூன்று பட்டன், மூன்று ராத்திரி வேலை. போட்டுவிட்டதும் கழுத்தைப் பிடித்து இழுத்தாள், அழுதாள், தரையில் படுத்துக்கொண்டாள். அடம் என்றுதான் நினைத்தேன். கழற்றிய பிறகு பார்த்தால் பின்கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. லேஸின் முரட்டு ஓரம் உரசிய இடம். சரியாகப் பேச்சு வராத குழந்தை, தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு தைப்பதற்கு முன்னால் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எப்படி உட்காருகிறாள், எதைப் பிடித்து ஏறுகிறாள், எந்த உடையைத் தானே எடுத்துவருகிறாள், எதைப் பார்த்ததும் ஓடுகிறாள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தை ஒரு நாளில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. குந்துகிறது, தவழ்கிறது, தலைகீழாகக் குனிகிறது. நாம் அளவெடுப்பதோ நிற்கவைத்து. வீட்டில் தைத்த உடைகள் பெட்டியிலேயே கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இங்கே இரண்டு உடைகளை முழுதாகச் சொல்கிறேன்: ஓர் எலாஸ்டிக் பேண்ட், ஒரு யோக் ஃப்ராக் (மார்புவரை 'யோக்' என்ற தனித் துண்டு, அதோடு சேர்த்துத் தைத்த பாவாடை). இரண்டும் கைவந்துவிட்டால் இந்த வயதுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நீங்களே தைத்துவிடலாம். நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போடும் சாதாரண மெஷின் போதும்.

அளவு எடுப்பது

முதலில் எடுக்க வேண்டியது தலைச்சுற்றளவு. பலரும் விட்டுவிடும் அளவு இது. பெரியவர்களுக்கு மார்பு தலையைவிட மிகப் பெரியது, அதனால் கழுத்து எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். இரண்டு வயதில் அப்படி இல்லை. என் மகளுக்கு இரண்டு வயதில் தலை 48 செ.மீ., மார்பு 50 செ.மீ. கிட்டத்தட்ட ஒரே அளவு. உடை தலை வழியாகப் போகவில்லை என்றால் மற்ற அளவுகள் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலே, பின்தலையின் பெருத்த பகுதியைச் சுற்றி டேப்பை வையுங்கள்.

அடுத்து மார்பு, இடுப்பு, டயப்பரோடு சேர்த்துப் பிட்டத்தின் சுற்றளவு. டயப்பர் போடும் குழந்தை என்றால் டயப்பர் போட்டிருக்கும்போதே அளந்துகொள்ளுங்கள். அப்புறம் தோளிலிருந்து முழங்கால் வரை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை.

கடைசியாக, பேண்டுக்கு மிக முக்கியமான அளவு: முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே போய்ப் பின் இடுப்பு வரை. இதை அவள் குந்தி விளையாடும்போது எடுங்கள். நிற்கும்போது எடுத்ததற்கும் குந்தும்போது எடுத்ததற்கும் என் மகளுக்கு 4 செ.மீ. வித்தியாசம் வந்தது. அந்த 4 செ.மீ. முழுவதும் பின்பக்கத்தில்தான் தேவைப்படுகிறது. கடையில் வாங்கிய சில பேண்டுகளில் குனிந்தால் முதுகு தெரிவது இந்தக் குறையால்தான்.

எல்லா அளவையும் ஒரே நாளில் எடுக்க முயல வேண்டாம். நீள அளவுகளைத் தூங்கும்போது எடுக்கலாம். சுற்றளவுகளைக் குளிக்கப் போவதற்கு முன் எடுக்கலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். எடுத்து முடித்ததும் டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். அவள் கழுத்தில் போட்டு விளையாட வேண்டிய பொருள் அல்ல.

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரியவரும். மார்பும் இடுப்பும் மெதுவாகத்தான் மாறுகின்றன. உயரம் வேகமாக ஓடுகிறது. இரண்டாவது பிறந்தநாளுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒரு குழந்தை சுமார் 8 செ.மீ. வளரும். தோளிலிருந்து முழங்கால் வரையிலான தூரம் மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி. அப்படியானால் ஃப்ராக்குக்கு வருடத்துக்குச் சுமார் 4 செ.மீ. நீளம் கூடுதலாக வேண்டும். அகலத்தை இப்போதைய அளவுக்கே தைத்து, நீளத்தை மட்டும் உள்ளே மடித்து வைத்துக்கொண்டால் போதும். "வளருவாளே" என்று எல்லாப் பக்கமும் பெரிதாகத் தைத்தால் தோள் நழுவும், கால் தடுக்கும். விழுந்து எழுந்து நடை பழகும் குழந்தைக்கு அது ஆபத்தும்கூட.

துணியும் மற்றவையும்

முதல் உடைக்கு நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி எடுங்கள். காம்ப்ரிக், பாப்ளின் இரண்டும் மெஷினில் வழுக்காமல் ஓடும். மல் துணி உடம்புக்குச் சுகமானது, ஆனால் வெட்டும்போது நகர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பழகியபின் எடுக்கலாம். பனியன் துணி பிறகு வரட்டும்.

துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் அலசலில் 100 செ.மீ.க்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்குவது சாதாரணம். சிறிய உடையில் அந்தச் சில செ.மீ.தான் போடுவதற்கும் போடாததற்கும் உள்ள வித்தியாசம். குழந்தையின் துணியை எந்தச் சோப்பில், எந்தச் சூட்டில் துவைக்கிறீர்களோ, அதே மாதிரி அலசுங்கள்.

ஊசியில் 80/12 எண் காம்ப்ரிக்குக்கும் பாப்ளினுக்கும் சரி. மல் போன்ற மெல்லிய துணிக்கு 70/10. பனியன் துணிக்கு முனை உருண்டையான ஊசி வேண்டும். சாதாரண ஊசி அதன் இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், இழுப்புக்குத் தாங்கும். தையல் நீளம் 2.5 மி.மீ. இவற்றோடு 1.5 செ.மீ. அகல எலாஸ்டிக், துணியில் கோடு போடும் சாக்பீஸ், நல்ல கத்தரிக்கோல், தையல் பிரிக்கும் கருவி.

வீட்டையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வது

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை, பகல் தூக்கமும் சேர்த்து. அந்தப் பகல் தூக்கத்தில் ஒரு முழு ஃப்ராக் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் மனம் உடைந்துபோகும். இருபது நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித வடிவம்) வரைவது. மறுநாள் வெட்டுவது. அடுத்த நாள் இரண்டு தையல். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதை ஒரு தாளில் எழுதித் துணியோடு வைத்துவிடுவேன். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது.

சூடான இஸ்திரியும் வெட்டும் வேலையும் அவள் தூங்கும்போது மட்டும். மெஷினை விட்டு எழுந்தால் ஒரு நிமிடத்துக்கு என்றாலும் ப்ளக்கை எடுத்துவிடுங்கள். கீழே இருக்கும் பெடல் அவள் காலுக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது, கை ஊசியடியில் இருக்கலாம்.

குண்டூசி விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பு. இருபது எடுத்தால் இருபதும் திரும்பப் பெட்டிக்குள் வந்தாக வேண்டும், எண்ணித்தான் மூடுவேன். முடிந்த இடத்தில் துணியைப் பிடிக்கும் கிளிப் பயன்படுத்துகிறேன். ஊசிகளை ஒட்டிவைக்கும் காந்தத் தட்டும் உயரத்தில் இருக்கட்டும். சிறிய, சக்தி வாய்ந்த காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலின் மடிப்புகளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொண்டு குடலையே துளைத்துவிடும். இது மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டிய நிலை.

அவளை முழுவதும் விலக்கிவைக்கவும் தேவையில்லை. துண்டுத் துணிகளை ஒரு டப்பாவில் போட்டு எடுக்கும் வேலை அவளுக்கு. இரண்டு துணிகளைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்பேன். நான்கைந்து காட்டினால் குழம்பிவிடுவாள், இரண்டு சரி. தானே தேர்ந்தெடுத்த துணி என்றால் அது உடையாக வந்ததும் அடையாளம் கண்டு தொட்டுப் பார்க்கிறாள்.

எலாஸ்டிக் பேண்ட்

சரியாகப் பொருந்தும் பழைய பேண்ட் ஒன்றை உள்ளே வெளியாகத் திருப்பி, ஒரு காலை மற்றொரு காலுக்குள் நுழைத்து மடித்து, காகிதத்தின் மேல் வைத்து ஓரமாக வரையுங்கள். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரைய வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு குறுகிவிடும்.

இப்போது உங்கள் நோட்டில் இருக்கும் அளவைப் பாருங்கள். பின்பக்கத்தின் நடுக்கோடு முன்பக்கத்தைவிட 3 முதல் 4 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் உயர்த்தி, பக்கத் தையலை நோக்கிச் சரிவாக இறக்கி வரையுங்கள். முன், பின் கவட்டு வளைவுகளின் நீளத்தைக் கூட்டினால் நீங்கள் குந்தும்போது எடுத்த அளவுக்குக் குறையாமல் வர வேண்டும்.

இதைச் சுற்றித் தையலுக்கு 1 செ.மீ., இடுப்பில் 3 செ.மீ., கால் கீழே 6 செ.மீ. கூட்டுங்கள். கீழ்க்கால் குறுகிக்கொண்டே போகும் வடிவமாக இருந்தால் கடைசி 12 செ.மீ.யை நேராக வரையுங்கள். குறுகும் காலில் ஆழமான மடிப்பு உள்ளே திரும்பும்போது சுற்றளவு போதாமல் இழுக்கும்.

காகிதத்தைத் துணியின் மேல் வைக்கும்போது, கால் நீளம் துணியின் கரைக்கு (நெய்து முடிந்த நீள ஓரத்துக்கு) இணையாக ஓடட்டும். கோணலாக வைத்தால் நாலு அலசலில் கால் முறுக்கிக்கொள்ளும். 110 செ.மீ. அகலத் துணியில் 65 செ.மீ. இருந்தால் இந்த வயதுக்குப் போதும். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள்.

முழங்காலுக்கு ஒட்டுத் துணி வைப்பதாக இருந்தால் அதற்கான நேரம் இதுதான். தட்டையாகக் கிடக்கும் முன் துண்டில் சுற்றித் தைத்துவிடலாம். கிழிந்த பிறகு அந்தச் சின்னக் குழாய்க்காலை மெஷினுக்குள் நுழைப்பது பெரும்பாடு. தவழும் குழந்தைகளுக்கு இது பேண்டின் ஆயுளை மாதக்கணக்கில் கூட்டும்.

தைக்கும் வரிசை இப்படி:

1. ஒரு காலின் முன், பின் துண்டுகளை நல்ல பக்கங்கள் (உடையில் வெளியே தெரிய வேண்டியவை) உள்ளே பார்க்க வைத்து, வெளிப்பக்கத் தையலும் உட்காலின் தையலும் போடுங்கள். இரண்டு கால்களும் இரண்டு குழாய்களாக வரும். ஓரங்களுக்கு ஜிக்ஜாக்.

2. ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வருமாறு திருப்பி, திருப்பாத மற்ற காலுக்குள் நுழையுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும். உட்கால் தையல்கள் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கட்டும்.

3. முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை கவட்டு வளைவை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதற்கு 3 மி.மீ. வெளியே, ஓரத்தை நோக்கி, இன்னொரு வரி. குழந்தை குந்தும்போது முழு இழுப்பும் இங்கேதான் விழுகிறது. ஒரே வரியோடு விட்டால் விரைவில் பிரிந்துவிடும்.

4. இடுப்பில் 1 செ.மீ. மடித்து, பிறகு 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். பின்பக்கம் 4 செ.மீ. திறந்து விடுங்கள்.

5. எலாஸ்டிக் நீளம்: இடுப்பில் 3 செ.மீ. குறைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க 2 செ.மீ. கூட்டுங்கள். 48 செ.மீ. இடுப்புக்கு 47 செ.மீ. எலாஸ்டிக். நுனியில் சேஃப்டி பின் குத்தி உள்ளே ஓட்டி, இரண்டு நுனிகளையும் ஜிக்ஜாக்கில் இணையுங்கள்.

6. திறப்பைக் கையால் தைத்து மூடுங்கள். ஆறு மாதத்தில் எலாஸ்டிக்கைத் தளர்த்த வேண்டி வரும், அப்போது பிரிக்கச் சுலபம். இரண்டு பக்கத் தையல்களின் மேலும் எலாஸ்டிக்கோடு சேர்த்துக் குறுக்காக ஒரு தையல் போட்டால் அது உள்ளே முறுக்காது.

7. கால் ஓரத்தில் 1 செ.மீ., அப்புறம் 5 செ.மீ. மடித்து நீளமான தையலாகப் போடுங்கள்.

முதல்முறை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இடுப்பைப் பாருங்கள். எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் 2 செ.மீ. தளர்த்துங்கள்.

பின் இடுப்பின் நடுவில், உள்பக்கம், ஒரு சிறு துண்டு ரிப்பனைத் தைத்து வையுங்கள். பின்பக்கம் எது என்பதற்கான அடையாளம் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யோக் ஃப்ராக்

ஃப்ராக் என்றதும் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக விரியும் ஏ-லைன் வடிவம்தான் நினைவுக்கு வரும். நானும் அதைத்தான் முதலில் தைத்தேன். அதன் கீழ் ஓரம் வளைவு. வளைந்த ஓரத்தில் 5 செ.மீ. ஆழ மடிப்பு உட்காராது, சுருங்கிச் சுருங்கி நிற்கும். பிறகு இறக்கிவிட உள்ளே நீளமே இருக்காது. யோக் ஃப்ராக்கில் பாவாடைப் பகுதி வெறும் செவ்வகம். கீழ் ஓரம் நேர்கோடு, எவ்வளவு வேண்டுமானாலும் மடிக்கலாம். வளரும் குழந்தைக்கு இதைவிட ஏற்ற வடிவம் எனக்குத் தெரியவில்லை.

மார்பு 50 செ.மீ., தோள் முதல் முழங்கால் 45 செ.மீ. உள்ள குழந்தைக்கான கணக்கைச் சொல்கிறேன். உங்கள் குழந்தையின் அளவை அதே வழியில் போட்டுக்கொள்ளுங்கள்.

யோக்: மார்பு 50, அசைவுக்கு 8, ஆக 58. இதில் கால்பங்கு 14.5 செ.மீ. காகிதத்தின் மடிப்பில் இருந்து தொடங்கி, கழுத்து அகலம் 6, அதற்கு அடுத்துத் தோள் 5, தோள் நுனி 2 செ.மீ. சரிவு. அக்குள் ஆழம் 13, யோக்கின் மொத்த நீளம் 16. முன்கழுத்து ஆழம் 6, பின்கழுத்து 2. தோள், பக்கம், கீழ் ஓரம் மூன்றுக்கும் 1 செ.மீ. தையல் துணி விடுங்கள். கழுத்துக்கும் அக்குளுக்கும் விட வேண்டாம்; அங்கே, பிறகு சொல்லும் க்ராஸ் பட்டி ஓரத்தை மூடப்போகிறது.

இந்தக் கழுத்தைச் சுற்றி அளந்தால் சுமார் 32 செ.மீ. வரும். தலை 48. எனவே பின்பக்கம் நடுவில் 10 செ.மீ. திறப்பு வெட்டுகிறோம். திறப்பின் இரண்டு ஓரமும் சேர்ந்து 20 செ.மீ. கூடுகிறது, 32-ம் 20-ம் 52. தலை தாராளமாகப் போகும். எந்தக் கழுத்துக்கும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டே வெட்டுங்கள். தலையைவிடக் குறைந்தது 3 செ.மீ. அதிகமாக வர வேண்டும்.

பாவாடைப் பகுதி: யோக்குக்குக் கீழே தெரிய வேண்டியது 29 செ.மீ. (45-ல் 16 போக). மேலே தையலுக்கு 1, டக்குக்கு (பிறகு பிரித்து நீளமாக்க, குறுக்கே பிடித்துத் தைக்கும் மடிப்பு) 3, கீழ் மடிப்புக்கு 6. மொத்தம் 39 செ.மீ. நீளம், 52 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. பட்டிகளுக்கும் சேர்த்து 1 மீட்டர் துணி இருந்தால் நிம்மதியாக வெட்டலாம்.

க்ராஸ் பட்டி என்பது துணியின் கரைக்கு 45 டிகிரி சாய்வில் வெட்டும் நீளத் துண்டு. சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும், அதனால்தான் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். கழுத்துக்கு 4 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. நீளம், அக்குள்களுக்கு 3 செ.மீ. அகலத்தில் இரண்டு.

முதலில் பின் திறப்பு. 7 செ.மீ. அகலம், 13 செ.மீ. நீளமுள்ள துண்டு ஒன்றை யோக்கின் நல்ல பக்கத்தின் மேல், நல்ல பக்கம் கீழே பார்க்க வையுங்கள். நடுவில் 10 செ.மீ. கோடு. கோட்டின் இருபுறமும் மேலே 5 மி.மீ. தள்ளித் தொடங்கி, கீழே நுனியை நோக்கிக் குறுகி வந்து, நுனியில் குறுக்காக ஒரே ஒரு தையல், மறுபக்கம் மேலே. கோட்டின் மேல் நுனிவரை வெட்டி, துண்டை உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள். நுனிவரை வெட்டப் பயந்து 3 மி.மீ. விட்டால் அங்கே சுருக்கம் விழும். தையலை அறுக்காமல், ஒட்டி வெட்ட வேண்டும். எனக்கு நான்காவது ஃப்ராக்கில்தான் இது சரியாக வந்தது.

அப்புறம் தோள்களை இணைத்து ஜிக்ஜாக் போடுங்கள். கழுத்துப் பட்டியை யோக்கின் உள்பக்கம் வைத்து 1 செ.மீ. தள்ளித் தைத்து, வெளியே புரட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, விளிம்பை ஒட்டி மேல்தையல். இப்படித் தைத்தால் கழுத்தை உரசும் பிசிறு எங்கும் இருக்காது. திறப்பின் ஒரு பக்கம் பட்டியை 1 செ.மீ. உள்ளே மடித்து முடியுங்கள். மறுபக்கம் 4 செ.மீ. நீட்டி, நுனியை மடித்து, 3 செ.மீ. நாக்கு மாதிரி தைத்துவிடுங்கள். அந்த நாக்கு மறுபக்கத்தின் மேல் படிந்து ப்ரெஸ் பட்டனில் சேரும்.

அக்குள் பட்டிகளையும் இதே முறையில், ஆனால் 1 செ.மீ.க்குப் பதில் 7 மி.மீ. தள்ளி, யோக் தட்டையாக இருக்கும்போதே தைத்துவிடலாம்.

பாவாடைத் துண்டின் மேல் ஓரத்தில் 5 மி.மீ. தூரத்தில் ஒன்றும் 15 மி.மீ. தூரத்தில் ஒன்றுமாக இரண்டு வரி, மிக நீளமான தையல். நூல்களை இழுத்து 52 செ.மீ.யை 31-க்குச் சுருக்கி, யோக்கின் கீழ் ஓரத்தோடு 1 செ.மீ.யில் தையுங்கள், இரண்டு வரிக்கும் நடுவில் இந்தத் தையல் ஓடும். சுருக்கம் சீராக நிற்பதற்கு அந்த இரண்டு வரிதான் காரணம், ஒன்றோடு நிறுத்த வேண்டாம். பிசிறுக்கு ஜிக்ஜாக் போட்டு, ஓரத்தை யோக் பக்கம் மேலே திருப்பி, வெளியிலிருந்து ஒரு தையல் போட்டுப் படியவையுங்கள். படியவைக்காத சுருக்க ஓரம் நெஞ்சில் குத்தும். குழந்தை அதைச் சொல்லாது, உடையை வெறுக்கும்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என முடிந்ததும், அக்குளிலிருந்து கீழ்வரை பக்கத் தையல்கள். கீழே 1, பிறகு 5 செ.மீ. மடிப்பு. மடிப்புக்குச் சற்று மேலே 1.5 செ.மீ. ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் 3 செ.மீ. உள்ளே போய்விடும். டக்குக்குத் தையல் நீளம் 4 மி.மீ., பிறகு பிரிக்கச் சுலபமாக.

பட்டன், நாடா, இரவு உடை

மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குப் போகும். பொம்மைகளில் எது "சிறு பொருள்" என்று பார்க்க அமெரிக்காவில் 3.17 செ.மீ. குறுக்களவுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் மூச்சுக்குழாயை அடைக்கலாம் என்று கொள்கிறார்கள். நாம் தைக்கும் பட்டன் எல்லாமே அதற்குள் அடங்கும் அளவுதான். அதனால் குழந்தையின் கைக்கு எட்டும் முன்பக்கத்தில் அலங்காரப் பட்டன், மணி, கல் எதுவும் வேண்டாம். பின்பக்கத்துக்குத் துணியைக் கவ்வும் பல் உள்ள ப்ரெஸ் பட்டன் நல்லது. மெல்லிய துணியில் நேராக அடித்தால் ஓட்டையோடு பிய்ந்து வரும். இடையில் இன்னொரு துண்டுத் துணி கொடுத்து அடியுங்கள். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் ஓர் இழு இழுத்துப் பாருங்கள்.

கழுத்திலோ தொப்பியிலோ இழுத்துக் கட்டும் நாடா கூடவே கூடாது. விளையாட்டுச் சறுக்கில், கதவில், கட்டில் கம்பியில் மாட்டினால் கழுத்து நெரியும். அப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1996-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குழந்தைகளின் மேலாடைக் கழுத்து நாடாக்களுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகுக்காகக்கூட வேண்டாம்.

இரவு உடை தைத்தால் உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். தளரத் தொங்கும் பருத்தி வேகமாகத் தீப்பிடிக்கும்.

போட்டுப் பார்ப்பது

குண்டூசி குத்திய உடையைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். கையால் நீள ஓட்டத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். "கொஞ்சம் நில்லு" என்று சொல்லிப் பயனில்லை. நான் அவளுக்குப் பிடித்த படப்புத்தகத்தைத் தரையில் விரித்துவைத்துவிடுவேன். அவள் குந்துவாள், குனிவாள், பக்கம் புரட்டக் கை நீட்டுவாள். எனக்கு வேண்டிய எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பின் இடுப்பு கீழே இறங்குகிறதா, கை தூக்கும்போது ஃப்ராக் முழுவதும் மேலே போகிறதா, அக்குள் பட்டி தோலில் பதிகிறதா. கை தூக்கும்போது யோக் ஏறினால் அக்குள் ஆழம் அதிகம் என்று அர்த்தம். இறுக்கம் என்று நினைத்து இன்னும் ஆழமாக வெட்டத் தோன்றும். அது நிலைமையை மோசமாக்கும். அடுத்த உடையில் 1 செ.மீ. குறைத்துப் பாருங்கள், கை சுலபமாக உயரும்.

அன்றைக்கு அவள் போட மறுத்தால் விட்டுவிடுங்கள். கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. மூன்று ராத்திரி உழைப்பு. இருந்தாலும் உடையை உள்ளே வெளியாகத் திருப்பி உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். நூல் முடிச்சு, எலாஸ்டிக் நுனி, பட்டியின் கெட்டியான இணைப்பு, ஏதோ ஒன்று அகப்படும்.

"நானே போடறேன்"

இரண்டு வயதைத் தாண்டியதும் ஒரு நாள் இந்த வார்த்தை வரும். அன்றிலிருந்து உடை தைக்கும் விதமே மாறுகிறது. பேண்டின் பின்னால் தைத்த ரிப்பன் இப்போதுதான் வேலைக்கு வருகிறது: "ரிப்பன் முதுகுக்கு" என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் சின்னக் கைகளால் விரித்து இழுக்க முடியாது, ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

கழிப்பறைப் பழக்கம் தொடங்கும் மாதங்களில் எலாஸ்டிக் பேண்ட் தவிர வேறு எதுவும் தைக்காதீர்கள். தோளில் பட்டி போட்ட முழு உடை, இடுப்பில் ஹூக், பட்டன் எல்லாம் அவசரத்தில் குழந்தையைத் தோற்கடிக்கும். "வருது" என்று சொல்வதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. தானே இறக்கிக்கொள்ள முடிகிற பேண்ட் ஆறு இருந்தால் நாள் ஓடும். ஒரே பேட்டர்னில் ஆறையும் சேர்த்து வெட்டி, ஒரு நாள் ஆறு பேண்டுக்கும் கால் தையல், மறுநாள் ஆறுக்கும் கவட்டு என்று போனால் வேலை வேகமாக முடிகிறது. அவள் ஈரம் செய்துவிட்ட நாட்களில், அடுத்த பேண்ட் தயாராக மடித்திருப்பதால் எனக்கும் முகம் சுளிக்காமல் மாற்றிவிட முடிந்தது.

துவைப்பதும் இறக்கிவிடுவதும்

பால், முட்டை, ரத்தக் கறைகளுக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர். சுடுநீர் அந்தப் புரதத்தை இறுக்கி இழையோடு ஒட்டவைத்துவிடும். ப்ரெஸ் பட்டனைப் பூட்டி, உடையை உள்ளே வெளியாகத் திருப்பித் துவையுங்கள்.

வெட்டி மீந்த துணியில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, ஓரத்துக்கு ஜிக்ஜாக் போட்டு, அந்த உடையோடு சேர்த்தே ஒவ்வொரு முறையும் துவையுங்கள். உடை வெளுக்கும்போது அதுவும் வெளுக்கும். பின்னால் முழங்கால் கிழிந்தால் நிறம் மாறாமல் ஒட்டுப் போடலாம்.

மூன்று மாத அளவெடுப்பில் ஃப்ராக் முழங்காலுக்கு 3 செ.மீ. மேலே போயிருந்தால் முதலில் டக்கைப் பிரியுங்கள். நாலைந்து தையலுக்கு ஒன்றை அறுத்துவிட்டு நூலை இழுத்தால் கையோடு வந்துவிடும். மடிப்புக்குள் இருந்த துணி கொஞ்சம் புதிதாக, அடர்த்தியான நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். அதன் மேல் ஒரு துண்டு ரிப்பனோ, அதே துணியின் பட்டியோ வைத்துத் தைத்தால் அலங்காரம்போல் ஆகிவிடும். அடுத்த முறை கீழ் மடிப்பு. அதையும் இறக்கி முடித்து, யோக் மார்பில் இறுகத் தொடங்கும்போது, கீழ்ப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய யோக்கோடு சேருங்கள். போன வாரம் நான் அப்படி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து விழுந்த நூல்களையெல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என் சட்டை," என்றாள்.

"ஆமாம்டா, பெரிசாக்கித் தரேன்," என்றேன்.